வைக்கோல் கூழ் வடிவதற்கு ஒரு சொல்: வடிமையும் வடிமந்தமும்

வாழைச்சேனையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வைக்கோலிலிருந்து கடதாசிக்கூழ் செய்யும் முறை பற்றிய ஓர் ஆக்கவுரிமை விவரணத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘பிரீனெஸ்’ (freeness) என்ற ஆங்கிலச் சொல்லில் வேலை நின்றுவிட்டது. கூழ் தன்னிடமுள்ள தண்ணீரை எவ்வளவு சுளுவாக விடுகிறது என்பதைக் காட்டும் அளவு அது. ‘கட்டின்மை’ என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ‘வடிதிறன்’ பரவாயில்லை போலிருக்கிறது. ‘வடிதிறன் 35க்கு மேற்படாத கூழ்’ என்று எழுதலாமா?

மட்டக்களப்பிலிருந்து:

அப்படி எழுதக்கூடாது, தம்பி. அந்த 35 எந்த அளவுகோலில் உள்ளது என்று முதலில் பாருங்கள். ‘கட்டின்மை’யை விட்டது நல்லது. அது சொல்லைப் பெயர்க்கிறதே தவிர, கூழுக்கு நடப்பதைச் சொல்லவில்லை.

இதற்கு இரண்டு கருவிகள் உண்டு. கனேடிய நியமப்படி, உலர்நிறையில் 3 கிராம் நாரை 1 லீற்றர் தண்ணீரில் 20 பாகை செல்சியஸில் கலந்து, அடியில் சல்லடை உள்ள பாத்திரத்தில் ஊற்றுவார்கள். இறங்கும் தண்ணீர் ஒரு புனலுக்குள் விழும். புனலின் அடித்துளை மிகச் சிறியது. வேகமாக வரும் தண்ணீரை அது தாங்காது. மிஞ்சுவது பக்கக் குழாயால் வழிந்து அளவுச்சாடிக்குள் போகும். சாடியில் சேர்ந்த மில்லிலீற்றரே பெறுமானம். நன்றாக வடியும் கூழுக்கு எண் பெரிது.

சொப்பர்-ரீக்லர் கருவியில் 2 கிராம் நார், அதே 1 லீற்றர். பக்கக் குழாயால் வந்ததை 1000இலிருந்து கழித்து 10ஆல் வகுக்க வேண்டும். 650 மில்லிலீற்றர் வந்தால் 35 பாகை. இங்கே கூழ் மந்தமாக மந்தமாக எண் ஏறும்.

சொப்பர்-ரீக்லரில் 35 என்றால் இயந்திரத்தில் ஓட்டக்கூடிய கூழ். கனேடிய அளவில் 35 மில்லிலீற்றர் என்றால் தண்ணீரை விடவே மறுக்கும் பசை. உரிமைக்கோரிக்கையில் ‘மேற்படாத’ என்ற ஒரு சொல்லோடு அளவுகோல் மாறிப்போனால், உரிமை கோரிய பொருளே வேறாகிவிடும். அதனால் ஒரு சொல் போதாது. மில்லிலீற்றரில் வருவதற்கு ‘வடிமை’, பாகையில் வருவதற்கு ‘வடிமந்தம்’ என்று வைப்போம். பொதுப் பண்பைச் சொல்ல உங்கள் ‘வடிதிறன்’ இருக்கட்டும்.

சம்மாந்துறையிலிருந்து:

வடிமை என்பதைக் கேட்டால் வடிவம் நினைவுக்கு வருகிறது. வட்டையில் எல்லோரும் ‘வடிச்சல்’ என்கிறோமே, அதையே எடுத்தால் என்ன? மந்தம் என்றாலும் வயிற்று மந்தம்தான் நினைவில் வரும்.

மட்டக்களப்பிலிருந்து:

வடிச்சல் நல்ல சொல்தான். ஆனால் வயலில் அது வாய்க்காலின் பெயர். கடதாசி ஆலையிலும், கூழ் தாளாகப் படியும் கம்பிவலைக்குக் கீழே தண்ணீர் போகும் வழி இருக்கிறது. அதற்கு அந்தச் சொல் வேண்டும். ‘கஞ்சி வடிகிறது’ என்பதிலுள்ள வினையிலிருந்தே வடிமையை எடுத்தேன். தாளில் ஓரிரு தடவை கண்ணில் பட்டால் வடிவத்தோடு குழப்பம் வராது. மந்தத்தை நான் விடமாட்டேன். தண்ணீர் ‘மந்தமா இறங்குது’ என்றுதான் நம் ஆட்கள் சொல்வார்கள்.

இந்தப் பக்கத்தில் இந்தச் சொற்கள் கட்டாயம் தேவை என்பதற்குக் காரணம் வைக்கோல். வாழைச்சேனைக் கடதாசி ஆலையே வைக்கோலை நம்பி எழுந்தது. 1801இலேயே மத்தாயஸ் கூப்ஸ் வைக்கோல் கடதாசிக்கு இங்கிலாந்தில் ஆக்கவுரிமை பெற்றுவிட்டார். ஆனால் நெல் வைக்கோல் வடிவதில் கடினமான சரக்கு. அதன் நார் குட்டையும் மெலிதும். அதோடு நாரல்லாத கலங்கள் நுண்துகளாக நிறைய வரும். சல்லடையில் நார்ப்படலம் சேர்ந்ததும் இந்தத் துகள்கள் இடுக்குகளை அடைத்துவிடும். ஊசியிலை மரக்கூழ் அடிக்கப்படாத நிலையில், அதாவது நாரை இயந்திரத்தில் நசுக்கிப் பதப்படுத்தும் முன், சுமார் 700 மில்லிலீற்றர் வடிமை காட்டும். வைக்கோல் கூழ் அடிக்காமலே அதைவிட மிகக் கீழே நிற்கும். ஆகவே மரக்கூழை அடிப்பதுபோல் இதை அடிக்கக்கூடாது. இலேசாக அடித்தாலே போதும்.

கூடுதலாக அடித்தால் என்ன நடக்கும் என்று இயந்திரத்திலேயே பார்க்கலாம். கம்பிவலையில் ஏறும்போது கூழில் நார் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஈரமான மேற்பரப்பு பளபளத்துக்கொண்டு போய், ஓரிடத்தில் கோடு கிழித்ததுபோல் மங்கும். அந்த நீர்க்கோடு கடைசி உருளைப் பக்கம் நகர்ந்தால் வடிமை குறைந்துவிட்டது. தாள் தண்ணீரோடு அழுத்து உருளைக்குள் போகும். அங்கே நசுங்கிக் கறை விழும், அல்லது அறும். வேகத்தைக் குறைப்பது தற்காலிக வழி. நன்றாகக் கழுவி நுண்துகளை வெளியேற்றுவதும், நீள்நார்க் கூழைக் கொஞ்சம் கலப்பதும், கூழைச் சற்றுச் சூடாக்குவதும்தான் மருந்து.

அளக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். இங்கே குழாய்த் தண்ணீர் 20 பாகையில் கிடைக்காது. சூடான நீருக்குப் பிசுக்குமை குறைவு, வேகமாக இறங்கும், வடிமை பொய்யாகக் கூடிக் காட்டும். நியமத்தில் வெப்பநிலைத் திருத்தம் உண்டு. அதைச் செய்யாமல் எழுதிய எண் பயன்படாது.

சம்மாந்துறையிலிருந்து:

விளங்குகிறது. தேயிலையில் நொதியம் ஊக்குவிக்கும் ஒட்சியேற்றத்துக்கு ‘நொதித்தல்’ என்று வைத்து, படிக்கிற பிள்ளைகள் நுண்ணுயிர் வேலை செய்கிறது என்று நினைக்கிறார்கள். அந்தத் தவறு இதில் வேண்டாம். இரண்டு சொல்லையும் ஏற்கிறேன். ஆனால் எங்கு எழுதினாலும் அளவுகோலின் பெயரும் அலகும் கூடவே வர வேண்டும்.

வாழைச்சேனையிலிருந்து:

மூலத்தைத் திரும்பப் பார்த்தேன். சொப்பர்-ரீக்லர்தான். வரியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: ‘சொப்பர்-ரீக்லர் அளவில் வடிமந்தம் 35 பாகைக்கு மேற்படாத நெல் வைக்கோல் கூழ்’.