புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் (மலேசியா) இணைய ஆர்வலர் சந்திப்புக்குப் போய் வந்தேன், தேடல் பிரச்சினையும் தீர்ந்தது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. யாரையும் தெரியாத சந்திப்புக்குப் போகலாமா, தோட்டத்துக் கோயில் சிறப்பு மலரை (விழா இதழை) வலையில் ஏற்றினால் தேடலில் சிக்கவில்லையே என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டிருந்தேன்.

"சும்மா போகாதீங்க, பிரச்சினையோடு மடிக்கணினியைத் தூக்கிட்டுப் போங்க" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் வேலை செய்தது. பெயர் அட்டை கொண்டு போகச் சொன்ன யோசனை வீண், ஒருவரும் கேட்கவில்லை. பேச்செல்லாம் ஃபேஸ்புக் விளம்பரம், டிக்டாக் என்றே ஓடியது, எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. அப்புறம் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) இடைவேளையில் கணினியைத் திறந்ததும் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

எதிர்பாராதது என்னவென்றால், காரணத்தைக் கண்டுபிடித்தது தமிழே தெரியாத ஒரு சீனத் தம்பி. 'தோட்டம்' என்பதில் உள்ள 'தோ' பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது இரட்டைக்கொம்பு ஏகாரமும் காலுமாக இரண்டு துண்டாக வந்திருக்கிறது, நாம் தட்டச்சும்போது ஒரே குறியாக விழுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், மென்பொருளுக்கு வேறு. பைத்தான் நிரல்மொழியில், துண்டுகளை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினோம், சரியாகிவிட்டது. ஒகர வரிசைக்கும் இதே மருந்துதான்.

ஔகாரத்தில் மட்டும் கவனம்: பின்னால் வரும் குறிக்குப் பதில் 'ள' எழுத்தே இருந்தால் இது திருத்தாது, 'கௌரி' எல்லாம் நான் கையால்தான் மாற்றினேன்.