வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்க அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். சிங்கப்பூர் தேக்காவில் அம்மா 22 வருடமாகப் பூக்கடை வைத்திருக்கிறார். வயது 58. போனில் பணம் வாங்க பேநவ் கியூஆர் அட்டை ஒட்டியாயிற்று, அது பிரச்சினையில்லை. ஆர்டர்தான் இப்போது பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பில், ஆங்கிலத்தில் வருகிறது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை 'நெக்ஸ்ட் ஃபிரைடே' என்று ஒருவர் கல்யாண மாலை கேட்டிருந்தார். அம்மா அந்த வார வெள்ளிக்கே விடிய விடிய உட்கார்ந்து கட்டிவிட்டார். அவர் கேட்டது அதற்கடுத்த வெள்ளி. ஒரு ஜோடி மாலையும் வாடி, நார் மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து மெசேஜ் வந்தாலே, நான் வேலை முடிந்து வரும்வரை போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். அதற்குள் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுகிறார்.

40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்குப் பயிற்சிக் கட்டணத்துக்காக 2024 மே மாதம் அரசு தந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அப்படியே இருக்கிறது. ஆனால் அதைக் குறிப்பிட்ட சில பயிற்சிகளுக்கு மட்டும்தான் பயன்படுத்த முடியும். நான் பார்த்தவை எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

வாட்ஸ்அப் பிசினஸ், ஆர்டர் கணக்கு, தேதி, அளவு, விலை கேட்டு எழுத நாலைந்து ஆங்கில வரிகள், இவ்வளவு போதும். தமிழில் நடத்தும் வகுப்பு ஏதாவது சமூக மன்றத்தில் உண்டா? மதியம் 2 மணிக்குமேல் கடை ஓய்வாக இருக்கும். நேரில் வந்து சொல்லிக்கொடுப்பவர் என்றால் கட்டணம் தருகிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.