புதுப்பிப்பு: உப்புவெளி வீட்டு ஸ்பீக்கர் சோடி

போன வருசம் ஊஃபர் (தாழ்ந்த சத்தம் குடுக்கிற பெரிய ஸ்பீக்கர்) கரகரக்குது, ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புற பெட்டி) பழுதோ எண்டு கேட்டிருந்தன் எல்லோ, ஆம்பில ஒரு பிழையும் இல்ல. முன்துணியைக் கழட்டி கோனைச் (நடுவில அதிர்ற கூம்பு) சுத்தியிருக்கிற ஃபோம் வளையத்தை விரலால தொட்டன், பழைய கேக் மாதிரி உதிர்ந்து கையில ஒட்டிட்டுது, ஈரக்காத்துக்கு ஃபோம் 10, 15 வருசத்தில இப்பிடித்தான் போகுமாம், நான் வீணா ஆம்பைத் திட்டினதுதான் மிச்சம். ரப்பர் போட்டா பாரம் கூடி பேஸ் (தாழ்ந்த சத்தம்) மாறிடும் எண்டு ரெண்டுக்கும் திரும்ப ஃபோமே ஒட்டினன், 8 மாசமாச்சு, சத்தம் சுத்தம். பின்னால வயர் பூட்டுற இடத்தில செம்பு பச்சை பிடிக்கிறதுதான் நிக்கேல்ல, கடல் கூப்பிடு தூரத்தில எண்டா என்ன செய்யிறது, அப்பப்ப நுனியை வெட்டிச் சீவிப் பூட்டுறன். சுவரில இருந்து 2 அடி முன்னுக்கு இழுத்ததில பேஸ் உறுமலும் அடங்கிட்டுது, அம்மாவுக்குத்தான் வீடு கூட்ட இடைஞ்சலாம்.