மறு: சப்நெட் மாஸ்க் – முகமூடியா, சல்லடையா, வரப்பா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு கணினி வலையமைப்பைத் துணைவலைகளாகப் (சப்நெட்) பிரிக்கும்போது எல்லை காட்டும் எண்ணான சப்நெட் மாஸ்குக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். வந்த பதில்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். துணைப்பிணைய முகமூடி, உபவலை மறைப்பு, வலைமூடி, சல்லடை, வரப்பெண் என்று ஐந்து சொற்கள் கையில் இருக்கின்றன. நெட்வொர்க்குக்குப் பிணையமா வலையமைப்பா என்ற பழைய வழக்கை இந்த இழையில் தயவுசெய்து திறக்க வேண்டாம். இரண்டுமே எனக்குச் சம்மதம். என் கவலை 'மாஸ்க்' மட்டும்தான்.

கவலை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கோபிசெட்டிபாளையத்தில் சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சிசிஎன்ஏ என்ற வலையமைப்புச் சான்றிதழ்த் தேர்வுக்குப் பத்து நாள் தீவிரப் பயிற்சி நடத்துகிறேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். வருகிறவர்கள் பெரும்பாலும் பாலிடெக்னிக் முடித்தவர்கள், சுற்றுவட்டாரத்து விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள். முன்பு சிசிஎன்ஏவுக்குக் கீழே சிசிஇஎன்டி என்று ஒரு படி இருந்தது. பாதிப் பாடத்தை முடித்து அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டு மீதியை அப்புறம் படிக்கலாம். 2020 பிப்ரவரியில் அந்தப் படியை எடுத்துவிட்டு, 200-301 என்ற ஒரே தேர்வாக்கிவிட்டார்கள். 120 நிமிடம். கணிப்பான் கொண்டுபோகக் கூடாது. ஒரு கேள்வியைத் தாண்டிப் போனால் திரும்பி வந்து திருத்தவும் முடியாது.

பத்து நாளில் இரண்டாம் நாள் மதியம் சப்நெட்டிங், அதாவது துணைவலைகளாகப் பிரிக்கும் கணக்கு, தொடங்கும். அங்கே ஒருவர் இடறினால், மீதி எட்டு நாளும் இடறிக்கொண்டேதான் இருப்பார். ஸ்டாடிக் ரூட் (நாமே எழுதித் தரும் வழி), ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தாமே வழி கண்டறியும் நெறிமுறை), அணுகல் பட்டியல் (எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற விதிகள்) எல்லாமே அதன்மேல் நிற்கிறவை. தேர்வில் ஐபி இணைப்பு என்ற பகுதிக்கு மட்டும் 25 விழுக்காடு. பாடம் கடினமானதால் இடறுகிறார்கள் என்றுதான் நானும் பல காலம் நினைத்திருந்தேன். ஒரு நாள் ஒரு பையன் கேட்டான்: "மாஸ்க் போட்டுட்டா நம்ம ஐபி வெளிய தெரியாதுங்களா சார்?" வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் முகக்கவசம் போட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு மாஸ்க் என்றால் மறைப்பது, காப்பது. வேறென்ன தோன்றும்?

முகமூடி, மறைப்பு, வலைமூடி ஆகிய மூன்றும் இதே தவறான எண்ணத்தைத் தமிழிலும் கொண்டுவந்துவிடும் என்பதால்தான் எனக்கு ஒப்பவில்லை. சப்நெட் மாஸ்க் எதையும் மறைப்பதில்லை. 32 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) உள்ள ஒரு ஐபி முகவரியில் எதுவரை வலையமைப்பின் எண், எதிலிருந்து அந்தக் கணினியின் எண் என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

சரி, சல்லடை. இதை முன்மொழிந்த ஐயாவுக்கு நன்றி. ஐந்தில் இது ஒன்றுதான் வேலையைப் பார்த்துப் பிறந்த சொல். 192.168.10.77 என்ற முகவரியை 255.255.255.192 என்ற மாஸ்கோடு பிட் பிட்டாகப் பெருக்கினால், 1 இருக்கும் இடத்தில் உள்ளது அப்படியே விழும், 0 இருக்கும் இடத்தில் உள்ளது நின்றுவிடும். முதல் மூன்று எண்களுக்கு மாஸ்க் 255, எல்லாமே 1; அவை மாறாது. கடைசி எண்ணில் 77 என்பது 01001101. 192 என்பது 11000000. சலித்து எடுத்தால் 01000000, அதாவது 64. ஆகவே அந்தக் கணினி இருப்பது 192.168.10.64 என்ற துணைவலையில். சலிப்பது போலத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் சல்லடையில் ஓட்டை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மாஸ்கில் அப்படி இல்லை. இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. துணைவலைகளுக்கு விதி வகுத்த ஆர்எஃப்சி 950 என்ற இணைய ஆவணம் வந்தது 1985 ஆகஸ்டில். துணைவலைக்குரிய பிட்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அப்படி வைப்பது நல்லது என்று பரிந்துரை மட்டுமே செய்தார்கள். 1993-இல் சிஐடிஆர் என்ற புதிய முகவரிப் பங்கீட்டு முறை வந்த பிறகு 1கள் எல்லாம் இடப்பக்கமிருந்து தொடர்ச்சியாக வர வேண்டும், பிறகு 0கள் என்று ஆகிவிட்டது. 1985-இல் இந்தப் பொருளுக்கு ஐயா சொன்ன சல்லடையே சரியான பெயராக இருந்திருக்கும். இப்போது அதில் இருப்பது ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வலை, அந்தப் பக்கம் கணினி.

ஒரு பரப்பின் நடுவே போட்டு, இது ஒரு துண்டு அது ஒரு துண்டு என்று பிரிக்கிற கோட்டுக்கு நம்மிடம் சொல் இருக்கிறது. வரப்பு.

கிணற்றுப் பாசனத்தைப் பார்த்தவர்களுக்கு நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கடலையோ மஞ்சளோ போடுவதற்கு முன் நிலத்தைப் பாத்தி கட்டுவோம். பெரிய காட்டை அப்படியே விட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் மேட்டுக்கு ஏறாது, பள்ளத்தில் தேங்கும். பாத்தி பாத்தியாகப் பிரித்தால், ஒவ்வொன்றாக மடை திறந்து அளவோடு பாய்ச்சலாம். துணைவலை போடுவதன் காரணமும் ஏறக்குறைய இதுதான். ஒரே பெரிய வலையில் ஒரு கணினி போடும் பொது அறிவிப்பு (பிராட்காஸ்ட்) எல்லாக் கணினிகளுக்கும் போய்த் தேங்கும். பிரித்துவிட்டால் அந்தந்தப் பாத்திக்குள் நின்றுவிடும். ஆகவே சப்நெட் பாத்தி, சப்நெட்டிங் பாத்தி கட்டுதல், மாஸ்க் வரப்பு.

இந்தச் சொல் எனக்கு முழுதாக உறுதியானது வரப்புக்குப் போகிற நிலத்தை நினைத்தபோது. பாத்தி கட்டினால் வரப்பு கொஞ்சம் நிலத்தைத் தின்னும்; சின்னப் பாத்தியாகக் கட்டக் கட்ட விளைநிலம் குறையும். முகவரியிலும் அதே கணக்கு. ஒவ்வொரு துணைவலையிலும் முதல் முகவரி வலைக்கும் கடைசி முகவரி பொது அறிவிப்புக்கும் போய்விடும். 256 முகவரிகளை ஒரே பாத்தியாக வைத்தால் 254 கணினிகளுக்கு உதவும். 64 முகவரி கொண்ட நான்கு பாத்தியாக்கினால் 248. நான்கு நான்காக 64 பாத்தி கட்டினால் சரிபாதி, 128 மட்டுமே மிஞ்சும். "இரண்டைக் கழிக்க மறக்காதீர்கள்" என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன், மறந்துகொண்டுதான் இருந்தார்கள். "வரப்புக்குப் போன நிலத்தைக் கழித்தாயா?" என்று கேட்கத் தொடங்கிய பிறகு அந்தப் பிழை அனேகமாக வருவதில்லை.

சொல்லை வைத்து முதன்முதலாகப் பாடம் நடத்திய குழுவில் ஒரு கணக்கு கொடுத்தேன். கணினியின் முகவரி 192.168.10.77, மாஸ்க் 255.255.255.224, டீஃபால்ட் கேட்வே 192.168.10.126. என்ன தவறு? 224 என்றால் 32 முகவரி உள்ள பாத்தி. 77 இருப்பது 64 முதல் 95 வரை உள்ளதில். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், தாளில் எதுவும் எழுதாமலே சொன்னாள்: "மடை அடுத்த பாத்திக்குள்ள போயிருச்சுங்க சார்." டீஃபால்ட் கேட்வேக்கு மடை என்ற பெயரை நான் வைக்கவில்லை. அவளே வைத்தாள். தன் பாத்திக்கு வெளியே போக வேண்டியது எல்லாம் எந்த வழியாகப் போகுமோ அது மடை. நுழைவாயில் என்ற சொல் புத்தகங்களில் இருக்கிறது, தவறில்லை. ஆனால் கேட்வே பாத்தியின் ஓரத்தில், பாத்திக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற செய்தி அந்தச் சொல்லில் இல்லை. மடையில் இருக்கிறது.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன்.

> வரப்பெண் என்று சேர்த்து எழுதினால் பெண் என்றுதான் காதில் விழுகிறது.

உண்மை. படித்ததும் எனக்கும் அப்படியே கேட்டது. வரப்பெண்ணை விட்டுவிடலாம். 255.255.255.192 என்று எழுதும் வடிவத்துக்கு வரப்புக்குறி என்று வைக்கலாம். அதையே, அதிலுள்ள 1களை எண்ணி, சாய்கோடு போட்டு 26 என்று எழுதுகிறோமே, அதை 'வரப்பு 26' என்று வாசிக்கலாம். 26-ஆவது பிட்டை அடுத்து வரப்பு ஓடுகிறது என்ற பொருள் தானாகவே வந்துவிடுகிறது.

> எங்கட பக்கம் வயலுக்கு வரம்பு எண்டுதான் சொல்லுவம்.

யாழ்ப்பாணத்து ஆசிரியைக்கு நன்றி. அங்கே உயர்தர வகுப்பில் தகவல் தொழில்நுட்பத்தைத் தமிழிலேயே படிக்கிறார்கள், துணைவலைக் கணக்கும் அதில் உண்டு. ஆகவே உங்கள் சொல்லுக்குத்தான் கூடுதல் எடை கொடுக்க வேண்டும். எனக்கு ஒரே ஒரு தயக்கம். தமிழ்நாட்டில் வரம்பு என்றால் 'லிமிட்' என்ற பொருள் முன்னால் வந்து நிற்கிறது. பேச்சு வரம்பு மீறியது, வயது வரம்பு என்கிறோம். நிரல் எழுதுகிறவர்கள் மாறியின் எல்லைக்கும் அதை ஆள்கிறார்கள். வரப்பு என்பதை முதன்மையாகவும் வரம்பு என்பதை இணையாகவும் சொற்பட்டியலில் போட்டால் உங்கள் மாணவர்களுக்கு உதவுமா? நீங்கள் சொல்வதுபோலச் செய்கிறேன்.

சென்னை நண்பர், நகரத்துப் பிள்ளைகளுக்கு வரப்பு தெரியாதே என்கிறார். பாத்தி கட்டுவதைப் பார்க்காத பிள்ளைகள் என் வகுப்பிலும் உண்டு. அவர்களுக்குப் பலகையில் ஒரு செவ்வகம் போட்டு, குறுக்கே கோடு இழுத்து, ஓரத்தில் மடை வைத்துக் காட்டப் பத்து நிமிடம் ஆகும். மாஸ்க் மறைக்காது என்று நம்பவைக்க எனக்கு அரை நாள் ஆகிறது.

தேர்வு ஆங்கிலத்தில்தானே, எதற்குத் தமிழ்ச்சொல் என்ற கேள்வியை மூன்று பேர் எழுப்பியிருக்கிறீர்கள். தேர்வில் அவர்கள் சப்நெட் மாஸ்க் என்றே படிக்கப் போகிறார்கள், கட்டளைகளையும் ஆங்கிலத்தில்தான் தட்டப் போகிறார்கள். அதை நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் கணிப்பான் இல்லாமல், திரும்பிப் பார்க்க வழியில்லாமல், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மனத்துக்குள் போடுகிற கணக்கு எந்த மொழியில் நடக்கிறது? என் பிள்ளைகளுக்குத் தமிழில் நடக்கிறது. அந்த இடத்தில் பொருள் விளங்காத ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் ஏன் திண்டாட வேண்டும்?

சல்லடையை நான் கைவிடவில்லை, ஐயா. அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்கிறது: வைல்டுகார்டு மாஸ்க். ஓஎஸ்பிஎஃப்பிலும் அணுகல் பட்டியலிலும் வருவது. அதில் 0 இருக்கும் இடம் பொருந்தியே ஆக வேண்டும், 1 இருக்கும் இடத்தில் எது வந்தாலும் போகலாம். 0 கம்பி, 1 ஓட்டை. அணுகல் பட்டியலில் அந்த 1கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, ஆகவே ஓட்டை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதைச் சல்லடைக்குறி என்போம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் மாஸ்க் என்றே பெயர் இருப்பதால் மாணவர்கள் 0.0.0.63 போட வேண்டிய இடத்தில் 255.255.255.192 போடுகிறார்கள். இரண்டு வேலைக்கு இரண்டு சொல் இருந்தால் அந்தக் குழப்பத்தில் பாதி குறையும்.

இந்தக் குடும்பத்தில் இன்னும் இரண்டு சொற்களுக்கு இடம் தெரிகிறது. வெவ்வேறு அளவில் பாத்தி கட்டுவதற்கு, அதாவது விஎல்எஸ்எம்முக்கு, 'அளவுப் பாத்தி' என்று தற்காலிகமாகச் சொல்லிவருகிறேன், திருப்தி இல்லை. அடுத்தடுத்த வலைகளை ஒரே வழியாகச் சேர்த்து அறிவிப்பதற்கு 'வரப்பு வெட்டிச் சேர்த்தல்' என்கிறேன். விளங்குகிறது, ஆனால் நீளம்.

வரும் திங்கள் புதிய குழு தொடங்குகிறது. செவ்வாய் மதியம் பலகையில் பாத்தி, வரப்பு, வரப்புக்குறி, மடை நான்கையும் ஆங்கிலச் சொற்களுக்குப் பக்கத்தில் எழுதப்போகிறேன். மடை என்றால் கோயில் படையலும்தானே என்று ஆசிரியை கேட்டிருந்தார். அதனால் 'மடைவாய்' என்று எழுதலாமா என்று யோசிக்கிறேன். திங்கள் இரவுக்குள் யாராவது சொன்னால் நல்லது.

அன்புடன்,
கோபியிலிருந்து