1975 அவசரநிலை: வானொலி உரையின் சொல்லாடல்

கேள்வி: ஜூன் 26 காலை இந்திரா காந்தி வானொலியில் பேசினாரே, அதில் எந்த வார்த்தைகள் வேலை செய்தன? சட்டத்தோடு அவற்றுக்கு என்ன தொடர்பு?

பதில் 1: முதல் உத்தி, எழுவாயை மாற்றுவது. ‘நான்’ இல்லை, ‘குடியரசுத் தலைவர் பிறப்பித்திருக்கிறார்’. கையோடு, ‘பீதியடைய ஒன்றுமில்லை’. அடுத்து, சாமானியருக்காக முற்போக்குத் திட்டங்கள் கொண்டுவந்ததிலிருந்தே ஆழமான சதி உருவாகிறது என்கிறார். அவரை எதிர்த்தால் ஏழையை எதிர்த்ததாகிவிடும். ஜூன் 12 அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருடைய எம்.பி. பதவியையே செல்லாததாக்கியிருந்தது. அந்தப் பின்னணி ‘சதி’க்குள் மறைந்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனம்தான்!

பதில் 2: சட்டத்தையும் பாருங்க சார். 1971 டிசம்பர் போர்க்கால அவசரநிலையே அப்போது அமலில்தான் இருந்தது. இது அதற்கு மேல் இன்னொன்று. அன்றைய அரசியலமைப்பின் 352ஆவது பிரிவில் (அவசரநிலை அறிவிக்கும் பிரிவு) ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்றொரு காரணம் இருந்தது. எதையும் போட்டு அடைக்கலாம். டெல்லி ராம்லீலா மைதானத்தில் எதிர்ப்பியக்கத் தலைவர் ஜெ.பி. (ஜெயப்பிரகாஷ் நாராயண்), சட்டவிரோத உத்தரவுகளுக்குப் பணியாதீர்கள் என்று காவல்துறையிடமும் ராணுவத்திடமும் சொன்னதை, படைகளைத் தூண்டிவிடுவதாகக் காட்டினார்கள். குடியரசுத் தலைவரின் கையெழுத்து ஜூன் 25 இரவு. அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் தகவல்.

பதில் 3: அதனால்தான் 1978இல் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற சொல்லை ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்று மாற்றியது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்ற ஒப்புதல், ஆறு மாதத்துக்கொருமுறை புதுப்பிப்பு. உரைக்குப் பிறகு 1975 ஜூலை 1 அன்று வந்த 20 அம்சத் திட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள்: மிரட்டலுக்குப் பின்னாலேயே நலத்திட்டம்.