பாப்பாவுக்குக் காது குத்த ஒரு மடி

(தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரங்க மூணு பேர் பேசிக்கிட்டது. ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் இல்லை.)

அரூர் அக்கா:
எனக்கு 19 வயசுல தாய்மாமனோட கல்யாணம். என்னை யாரும் கேக்கலை. கேக்கணும்னு யாருக்கும் தோணவும் இல்லை. மாமா நல்லவர், அதை முதல்ல சொல்லிடறேன். என் தங்கச்சி திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போன இடத்துல ஒருத்தரைப் பிடிச்சுப்போய் அவளாவே கட்டிக்கிட்டா. வேற சாதி. அன்னிலேருந்து அப்பா அவ பேரைச் சொல்றதில்லை.

ரெண்டு பேர்ல யாரு நல்லா இருக்கோம்? எனக்குப் பிரசவம்னாலும் காய்ச்சல்னாலும் அம்மா வீடு இருந்தது. ஆனா நானா எடுத்த முடிவு எதுன்னு யோசிச்சா, தீபாவளிச் சீட்டு எந்தக் கடையில போடறதுங்கறது மட்டும்தான் ஞாபகம் வருது. தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட சண்டை போடறதைப் பாத்திருக்கேன். பயமே இல்லாத சண்டை. அது எனக்கு வராது.

போன மாசம் போன் பண்ணினா. "அக்கா, பாப்பாவுக்குக் காது குத்தணும். யார் மடியில உக்கார வைக்கிறது?" எங்களுக்கு இருக்கிறது ஒரே தம்பி. அப்பா பேச்சை மீறி வரமாட்டான். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம போனைக் காதுல வச்சுக்கிட்டே இருந்தோம்.

பர்கூர் தம்பி:
அக்கா, நான் ஜப்பான்ல மூணு வருசம் வேலை பாத்தேன். கூட இருந்தவருக்கு 50 வயசு. பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் ரெண்டு பேரைத் தவிர யார்கிட்டயும் மனசு விட்டுப் பேசினதே இல்லைன்னார். அங்க ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துல மசாக்கி யூக்கின்னு ஒரு உளவியல் பேராசிரியர் இதைத்தான் ஆராய்ஞ்சார். அவரும் மத்தவங்களும் சேர்ந்து 39 நாடுகள்ல செஞ்ச ஆய்வு 2018ல வந்தது. புது உறவைத் தேடிக்கவும், பிடிக்காததை விட்டு விலகவும் இடம் இருக்கிற சமூகத்துல ஆளுங்க மனசு திறந்து பேசறாங்க, முன்பின் தெரியாதவங்களை நம்பறாங்க, தன்னையும் மதிக்கிறாங்கன்னு அதுல இருக்கு. அமெரிக்கக் கண்டங்கள்ல அந்த இடம் அதிகம், கிழக்காசியாவுல கம்மி. நெல் மாதிரி, ஊரே கூடித் தண்ணி பாய்ச்சி நட வேண்டிய விவசாயம் அதுக்கு ஒரு காரணம்ங்கறாங்க.

நம்மது கேழ்வரகு பூமி. பாதிக்கு மேல வானம் பாத்த காடு. நம்மளைக் கட்டி வச்சிருக்கிறது சாதியும் பங்காளி நிலமும்தான்னு எனக்குத் தோணுது. 2012ல தர்மபுரி பக்கம் தலித் மக்கள் இருந்த நத்தம் காலனி எரிஞ்சப்போ நான் பத்தாவது படிச்சேன். சாதி மாறி நடந்த ஒரு கல்யாணத்தைக் காரணம் காட்டி வீடுகளை எரிச்சாங்க.

பாலக்கோடு அப்பா:
என் பொண்ணு கட்டிக்கிட்டது வேற மதத்துப் பையனை. 1954ஆம் வருசத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் ஒட்டினாங்க. போறவன் வர்றவனெல்லாம் நின்னு படிச்சான். அந்த 30 நாளும் அவளைத் தனியா விடலை, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாலும் பின்னாலயே போனேன். வயசு வந்த ரெண்டு பேர் சம்மதிச்சா குடும்பத்தோட சம்மதமோ சாதிசனத்தோட சம்மதமோ தேவையில்லைன்னு 2018 மார்ச்சுல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. ஆனா பங்காளி வீட்டுப் பத்திரிகை வர்றதை எந்தக் கோர்ட்டும் வாங்கித் தராதும்மா. எனக்கு வர்றதில்லை. பரவாயில்லை, ஞாயித்துக்கிழமையானா பொண்ணும் மருமகனும் வந்துடறாங்க. உங்கப்பாகிட்ட நீ ஒரு தடவை நேர்ல பேசிப் பாரு.

அரூர் அக்கா:
பேசினேங்க ஐயா. அப்பா எழுந்து வெளிய போயிட்டார். ராத்திரி களி தின்னுக்கிட்டு இருந்தப்போ மாமாதான் ஆரம்பிச்சார். "உன் தங்கச்சிக்குக் காது குத்தினப்போ யார் மடியில உக்காந்தா? என் மடியிலதானே? அவ பொண்ணு மட்டும் எங்க போவா?"

வர்ற ஞாயித்துக்கிழமை தீர்த்தமலையில காதுகுத்து. தோடு நான் வாங்கிட்டேன், யாரையும் கேக்கலை.