ஓ லெவல் முடிவு வந்துவிட்டது, மகளுக்கு வழி சொல்லுங்கள்

அக்கா, அண்ணன்மார்களுக்கு வணக்கம். மகளுக்கு நேற்று சிங்கப்பூர் ஓ லெவல் (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வந்தது. தொடக்கக் கல்லூரிக்கான (ஜேசி) ஆறு பாடக் கணக்கில் 17 புள்ளி. புள்ளி குறைவாக இருப்பதே நல்லது, எல்லை 20 என்பதால் விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. பாலிடெக்னிக்கிற்கான ஐந்து பாடக் கணக்கில் 13.

அவருக்கு ஜேசி வேண்டாம், பாலிடெக்னிக்கில் உணவு அறிவியல் படிக்க வேண்டுமாம். திடீர் ஆசை இல்லை. எட்டு மாதமாகத் தோசை மாவு எத்தனை மணிக்குப் பொங்குகிறது, அன்று மழையா வெயிலா என்று எழுதிக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டி வைக்கிறார். அவர் அப்பாவோ, ஜேசி போனால் இரண்டே வருடத்தில் ஏ லெவல் தேர்வு, அப்புறம் நேராகப் பல்கலைக்கழகம் என்கிறார். எனக்கு மகள் பக்கம்தான் மனம் சாய்கிறது.

விண்ணப்பிக்கச் சில நாள்தான் இருக்கிறது, 12 தெரிவுகளையும் வரிசைப்படுத்த வேண்டும். உங்கள் பிள்ளைகள் யாராவது இந்தப் படிப்பில் இருக்கிறார்களா? மூன்று வருடப் படிப்பில் ஆய்வகச் சுமை எப்படி? டிப்ளோமாவுக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததா? முதல் தெரிவாக இதைப் போட்டுவிட்டு, ஜேசியைக் கீழே வைக்கலாமா? தெரிந்தவர்கள் இன்றிரவே சொன்னால் பெரிய உதவி.